யாழ்ப்பாணத்துத் தீவுகளை இருவராகச் சிக்கனமாகச் சுற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறுகிற புங்குடுதீவுக் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலை 11 மணிக்கு வந்து இறங்கி, "நெடுந்தீவுப் படகு எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்கிற புதுத்தம்பதிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காலைப் படகு போய்விட்டிருக்கும். தனிப் படகு பிடித்தால் மூன்று நாளுக்கென்று வைத்திருந்த காசில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே போய்விடும். கொழும்பிலிருந்து வந்த என் சிநேகிதிக்கும் அவள் கணவருக்கும் இதுதான் நடந்தது. கனடாவிலிருந்து வந்த மச்சாளுக்கும் இதேதான்.

நானும் இவரும் கலியாணம் முடித்த காலத்திலிருந்து வேறு வேறு பருவங்களில் இந்தத் தீவுகளைச் சுற்றி வருகிறோம். முதல் தடவை நாங்களும் பிழை விட்டோம். கீழே சொல்லியிருக்கும் ஒழுங்கு, அந்தப் பிழைகளைத் திருத்தித் திருத்தி வந்தது. எந்தத் தீவுக்குப் போனாலும் திரும்பி வருகிற படகின் நேரத்தை முதலில் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி நாளை அமைப்பதுதான் இதன் அடிப்படை.

1. நாள் குறிக்கும் முன் காற்றைப் பாருங்கள்

தை மாதப் பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இருவராகச் சிக்கனமாகப் போவதற்கு ஏற்ற காலம் இதுதான். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். படகு ஓடும், ஆனால் நெடுந்தீவுக் கடலில் தூக்கித் தூக்கிப் போடும், உப்புத்தண்ணீர் மேலெல்லாம் அடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையும் மழையும். அந்த மாதங்களில் படகே ஓடாத நாட்களும் வரும்.

காற்றுக்கும் செலவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு நாள் படகு நின்றால் ஓர் இரவு தங்குமிடக் காசும் இரண்டு பேருடைய சாப்பாட்டுக் காசும் கூடுதலாகப் போகும். தங்குமிடத்தில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட, சரியான மாதத்தில் வருவதால் மிஞ்சுவது அதிகம்.

அடுத்ததாக நாட்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். போயா நாளிலும் நீண்ட வார இறுதிகளிலும் தெற்கிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக பௌத்த யாத்திரிகர் நயினாதீவுக்கு வருவார்கள். ஆனி மாதத்தில் அங்குள்ள நாகபூஷணி அம்மனுக்கு 16 நாள் திருவிழா. திருவிழா பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் அப்போது வாருங்கள். அமைதியாகச் சுற்ற வருகிறவர்கள் திங்கள் முதல் வியாழன் வரையான நாட்களைத் தெரிவு செய்யுங்கள்.

கச்சதீவை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அந்தோனியார் திருவிழாக் காலத்தில், மாசி பங்குனியளவில், தனி ஏற்பாட்டுடன் போகிற இடம் அது. நினைத்த நாளில் போக முடியாது.

2. இருவருக்கும் ஒரு பை

பெரிய பெட்டியைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு, தோளில் மாட்டுகிற ஒரு பையை மட்டும் எடுங்கள். படகில் ஏறும்போது ஒரு கை பிடிமானத்துக்கு வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கால் வைக்கிற இடம் ஆடுகிற படகில் ஏறத் தடுமாறியவர்களை எத்தனையோ முறை பிடித்து விட்டிருக்கிறேன்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியது தண்ணீர். ஆளுக்கு 2 லீற்றருக்குக் குறையக் கூடாது. பங்குனி சித்திரை வெயிலென்றால் 3 லீற்றர். தீவுகளில் பல கிணறுகள் உவர், குடிதண்ணீர் அங்குள்ள சனத்துக்கே அருமையான சாமான். போத்தலைப் பட்டணத்திலேயே நிரப்பிக்கொண்டால் காசும் மிச்சம், வீசுவதற்கு வெறும் போத்தலும் இராது.

அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இருவரிடமும் இருக்கட்டும். படகில் பெயர் பதியச் சொல்லலாம், தங்குமிடத்திலும் கேட்பார்கள். காசைச் சில்லறை நோட்டுகளாக மாற்றிக்கொண்டு போங்கள். ஓட்டோக்காரரிடமும் சின்னக் கடையிலும் பெரிய நோட்டை நீட்டினால் இரண்டு பக்கமும் சங்கடம். காசு எடுக்கும் இயந்திரத்தை நம்பித் தீவுக்கு இறங்க வேண்டாம்.

தொப்பி, குடை, கைத்தொலைபேசிக்கு ஒரு பிளாஸ்ரிக் உறை, கோயிலுக்கு உடுக்க ஒரு வேட்டியும் ஒரு சால்வையும் போதும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் குமட்டல் மாத்திரையைப் படகு வெளிக்கிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது.

மதியச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக்கொண்டு போவது நல்லது, ஆனால் எதைக் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். இடியப்பத்துடன் சொதியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் கட்டினால் இந்த வெக்கைக்கு மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பாணும் இடிசம்பலும் பொழுதுபடும் வரை கெடாது. புளிச்சாதமும் அப்படித்தான்.

3. தங்குவது ஒரே இடத்தில்

ஒவ்வொரு தீவிலும் ஓர் இரவு என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க வடிவான திட்டம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் பையைக் கட்டி அவிழ்க்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் புதிதாக விலை பேச வேண்டும், ஒரு படகு தவறினால் அடுத்த இரண்டு இரவுகளும் குழம்பிவிடும். யாழ்ப்பாணப் பட்டணத்தில், பஸ் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர் அறை எடுத்து, மூன்று நாளும் அங்கிருந்தே போய் வாருங்கள். மூன்று இரவு சேர்த்து எடுத்தால் வாடகையைக் குறைத்தும் கேட்கலாம்.

நெடுந்தீவில் ஓர் இரவு தங்க ஆசையென்றால் அதை நான் தடுக்க மாட்டேன். இருட்டிய பிறகு அந்தக் கரையில் இருவராக நிற்பது வேறு அனுபவம். ஆனால் முன்கூட்டியே அழைத்து அறையையும் இராச் சாப்பாட்டையும் உறுதி செய்துகொண்டு போங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கக் கூடாது. உங்களுக்கென்று மீனும் மரக்கறியும் வாங்கிச் சமைக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.

4. தம்பதியாகப் போகையில் ஊர் வழக்கம்

இது சின்ன ஊர்ச் சமூகம். கை கோத்து நடப்பதை யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதற்கு மேல் பொது இடத்தில் வேண்டாம். கடலில் குளிக்கும்போது பெண்கள் உடம்பை மூடுகிற உடுப்போடு இறங்குவதுதான் இங்கே வழக்கம். அப்படி இறங்கினால் உங்களுக்கே நிம்மதியாக இருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அறை எடுக்கும்போது இருவருடைய அட்டையையும் கேட்பார்கள். கலியாணம் முடிக்காத சோடிகளுக்குச் சில இடங்களில் அறை கொடுப்பதில்லை. வாசலில் போய் நின்று வாக்குவாதப்படுவதைவிட, அழைத்து விசாரிக்கும்போதே அதைக் கேட்டுத் தெளிவாகிக்கொள்வது மேல்.

5. பஸ்ஸா, ஸ்கூட்டியா

முதல் இரண்டு நாளும் பஸ், மூன்றாம் நாள் ஸ்கூட்டி. நாங்கள் கண்ட சரியான கலவை இதுதான்.

குறிகட்டுவானுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து 776 ஆம் இலக்க பஸ் போகிறது. பண்ணைப் பாலம், வேலணை, பிறகு கடலுக்கு நடுவாகப் போகிற நீண்ட தாம்போதி, புங்குடுதீவு, குறிகட்டுவான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஓட்டோ பிடித்துப் போனாலும் பார்க்கிற காட்சி ஒன்றுதான், ஆனால் காசு பல மடங்கு. ஸ்கூட்டியில் போனால் அதை இறங்குதுறையில் நாள் முழுக்க விட்டுவிட்டுப் படகேற வேண்டும். நிற்கிற வாகனத்துக்கு வாடகை கொடுப்பது வீண்.

மூன்றாம் நாள் போகிற வழியில் பஸ்கள் தொடர்ச்சியாகக் கிடைக்காது, அன்றைக்கு இரண்டு சில்லு வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள், பிறேக்கை ஓடிப் பாருங்கள், பெற்றோலைப் பட்டணத்திலேயே அடித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நாட்டு ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

6. முதல் நாள்: நெடுந்தீவு

ஆகத் தூரமான தீவுக்கு ஏன் முதல் நாளே போக வேண்டும்? கடல் குழம்பிப் படகு நின்றால் உங்களிடம் இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்கள் பலர் நெடுந்தீவைப் பார்க்காமலே ரெயில் ஏறியிருக்கிறார்கள்.

முந்தின நாள் பின்னேரமே தங்குமிடத்துக்காரரிடமோ பஸ் நிலையத்திலோ காலைப் படகின் நேரத்தை விசாரியுங்கள். நேரங்கள் மாறும். போன வருடம் வந்தவர்கள் சொன்னதை நம்ப வேண்டாம். காலை 6 மணிக்கெல்லாம் பஸ் நிலையத்தில் நின்றால் பதற்றமில்லை.

காலைப் படகில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்களும் வருவார்கள். எங்களுக்கு இது உல்லாசம், அவர்களுக்கு அன்றாடம். வயது போனவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் இருக்கையை விடுங்கள். இதைச் செய்கிறவர்களிடம் ஊர்ச்சனம் தாங்களாகவே கதை கொடுப்பார்கள், நல்ல ஓட்டோக்காரரையும் காட்டி விடுவார்கள்.

கடற்பயணம் ஒரு மணித்தியாலமளவில். படகின் உள்ளே, கீழ்த்தட்டில் இயந்திரச் சூடும் எண்ணெய் மணமும் கூடுதல். குமட்டுகிறவர்கள் காற்றுப் படுகிற வாசலுக்குக் கிட்ட, படகின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். படகின் முன்பக்கம் ஏறி விழுகிற அளவுக்கு நடுப்பகுதி ஆடாது. உயிர்காப்பு அங்கி தந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தராவிட்டால் கேளுங்கள்.

மாவிலித்துறையில் இறங்கியதும் உடனே ஓட்டோ பேசப் பலர் அவசரப்படுவார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. துறையில் நிற்கிற யாரிடமாவது, "அண்ணை, திரும்பிப் போற கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கடைசிப் படகு பொழுதுபடும் வரை நிற்காது, மத்தியானம் கழிந்து சில மணித்தியாலத்துக்குள் வெளிக்கிட்டுவிடும். நாங்கள் முதல் தடவை வந்தபோது காலையில் குறிகட்டுவானில் கேட்ட நேரத்தை நம்பி நின்றோம். அன்று மாற்றம். ஓடி வந்து பார்த்தபோது படகு துறையை விட்டு விலகிவிட்டது. தெரியாத ஒரு குடும்பம் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு தந்து பாயும் தந்தது. அந்த அம்மாவை நான் மறக்கவில்லை. ஆனால் அவருடைய இரா நித்திரையைக் குழப்பியது எங்கள் கவனக்குறைவு.

நேரம் தெரிந்த பிறகு விலை பேசுங்கள். "சுற்றிக் காட்ட எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் துறையில் கொண்டுவந்து விட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் கடைசியில் தர்க்கம் வராது. இன்னொன்று, படகில் வரும்போதே உங்களைப்போலச் சுற்ற வருகிற வேறொரு சோடியைப் பார்த்துக் கதைத்து வையுங்கள். நாலு பேராகச் சேர்ந்தால் ஓட்டோவில் இடம் காணாது, பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பேசலாம். செலவு சரிபாதியாகும். முழுப் பயணத்திலும் ஒரே இடத்தில் இவ்வளவு காசு மிஞ்சுவது இங்கேதான்.

இது ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் தீவு. நடந்து பார்க்க முடியாது, வெயிலுக்கு மறைக்க நிழலும் குறைவு. ஆகத் தூரமான இடத்துக்கு முதலில் போய், துறையை நோக்கி வந்துகொண்டே மற்றவற்றைப் பாருங்கள். தெற்கு முனையில் கப்பல்களுக்கு வழிகாட்டக் கட்டிய பழைய கோபுரம் முதலில். பிறகு கட்டைக் குதிரைகள் மேய்கிற வெட்டைவெளி. வரும் வழியில் பெருக்குமரம் என்கிற பருத்த பாவோபாப் மரம், கோட்டை, பழைய காலத்துப் புறாக்கூடு. வாகனம் இடையில் பழுதானாலும், கடைசி மணித்தியாலத்தில் நீங்கள் துறைக்குக் கிட்டவே நிற்பீர்கள்.

குதிரைகளுக்குப் பின்னால் ஓடாதீர்கள். வறட்சிக் காலத்தில் அவை தண்ணீருக்காகக் குளத்தடியில் கூடி நிற்கும். படம் எடுக்கக் கிட்டப் போய்க் கலைத்தால் குடிக்காமலே ஓடிவிடும். அவற்றுக்கு அந்தத் தண்ணீர் உயிர். தூரத்திலேயே நின்று பாருங்கள். வேலிகளில் அடுக்கியிருக்கிற முருகைக்கல்லில் (பவளப்பாறைக் கல்) ஒரு துண்டைக்கூட ஞாபகத்துக்கென்று எடுக்க வேண்டாம். ஒவ்வொரு வேலியும் ஒருவருடைய வளவு.

மதியம் ஊர்க்கடையில் சாப்பிட விருப்பமென்றால், துறையில் இறங்கிய உடனேயே சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் 1 மணிக்கு வந்து கேட்டால் சோறு முடிந்திருக்கும். படகு நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள்.

7. இரண்டாம் நாள்: நயினாதீவு, சாட்டி

முதல் நாள் களைப்புக்குப் பிறகு இது இலகுவான நாள். அதே பஸ், அதே இறங்குதுறை. நயினாதீவுக்குக் கடற்பயணம் 20 நிமிடத்துக்குள் முடியும், படகுகளும் அடிக்கடி ஓடும். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுண்டு. ஏறும் முன் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

படகு கோயிலுக்கு முன்னாலேயே கொண்டுபோய் இறக்கும். ஓட்டோ தேவையில்லை. நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரை என்கிற பௌத்த விகாரையும் நடக்கிற தூரம்தான். ஆண்கள் கோயிலுக்குள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், பெண்கள் தோளும் முழங்காலும் மறைய உடுக்க வேண்டும். செருப்பைக் கழற்றிய பிறகு மத்தியான மணல் காலைச் சுடும். 10 மணிக்கு முன் போனால் அந்தத் துன்பமில்லை.

கோயிலின் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் மதியம் சோறு போடுவார்கள். காசு கேட்பதில்லை. பந்தியில் இருந்து சாப்பிடுங்கள், உங்களால் முடிந்ததை அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். சிக்கனம் என்று சொல்லி அடியார்களுடைய சோற்றைச் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்த சோற்றை மிச்சம் வைக்காமல் எழும்புங்கள்.

திரும்பி வந்து பஸ் பிடித்தால், வேலணையில் இறங்கிச் சாட்டிக் கடற்கரைக்குப் போகலாம். பின்னேர வெயிலுக்கு இதமான இடம். பட்டணத்துக்கான கடைசி பஸ் எப்போது என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள்.

8. மூன்றாம் நாள்: ஊர்காவற்றுறை, பாதை, காரைநகர்

இந்த நாளை மட்டும் வட்டமாகப் போடுங்கள், போன வழியால் திரும்ப வேண்டாம். யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை, ஊர்காவற்றுறை. அங்கிருந்து ஸ்கூட்டியோடு பாதையில் ஏறிக் காரைநகர். பிறகு பொன்னாலைப் பாலத்தால் வட்டுக்கோட்டை வழியாகப் பட்டணம்.

பாதை என்று சொல்வது, வாகனத்தோடு ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற தட்டையான மிதவை. அது பழுதுபட்டு நிற்கிற நாட்களும் உண்டு. காலையில் வெளிக்கிட முன் விசாரிக்காமல் போனால், ஊர்காவற்றுறைக் கரையில் நின்று காரைநகரைக் கண்ணால் பார்த்துவிட்டு, வந்த வழி முழுக்கத் திரும்ப ஓட வேண்டிவரும். பாதையில் ஏறும்போது பின்னால் இருக்கிறவர் இறங்கி நடக்கட்டும். ஈரப் பலகையில் இரண்டு பேர் பாரத்தோடு சில்லு வழுக்கும். கடக்கும்போது நடுக்கடலில் தெரிவது கடற்கோட்டை.

ஏன் இந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்றால், கசூரினாக் கடற்கரை பின்னேரத்துக்கு வர வேண்டும். சவுக்கு மர நிழல் இருக்கிறது, கடல் வெகுதூரம் வரை ஆழமில்லை. நீந்தத் தெரியாதவரும் துணையோடு இறங்கலாம். ஈழத்துச் சிதம்பரம் என்கிற சிவன் கோயில் காரைநகரில்தான் இருக்கிறது, நடை சாத்தும் முன் போக நேரம் வையுங்கள்.

பொன்னாலைப் பாலத்தை இருட்ட முன் கடந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கடல், பக்கக்காற்று ஸ்கூட்டியைத் தள்ளும். சோளகத்தில் இன்னும் மோசம். மெதுவாக, ஓரத்துக்கு ஒதுங்காமல் ஓடுங்கள்.

9. இன்னொரு நாள் மிஞ்சினால்

அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகிற தீவுகள். அங்கே பார்க்கிறதற்கென்று பெயர்போன இடங்கள் குறைவு. தோட்டமும் பனையும் கடலும் அமைதியும்தான். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கொண்டுபோக வேண்டும். முதல் தடவை வருகிறவர்கள் மற்ற மூன்று நாளையும் முடித்துவிட்டே இதை யோசிக்கலாம்.

10. படகு ஓடாவிட்டால்

முதல் நாள் காலையில் கடல் சரியில்லை என்று சொன்னால் யாரோடும் வாதிட வேண்டாம். தனிப் படகுக்காரர் யாராவது "நான் கொண்டுபோறன்" என்று சொன்னாலும் ஏற வேண்டாம். பெரிய படகையே நிறுத்தி வைத்திருக்கிற காற்றில் சின்னப் படகுக்கு என்ன பாதுகாப்பு?

மூன்றாம் நாள் திட்டத்தை அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பாதையும் நின்றிருந்தால், பொன்னாலைப் பாலத்தால் நேரே காரைநகருக்குப் போய் அதே வழியால் திரும்பலாம், தரை வழிக்குக் கடல் தடையில்லை. அன்று பின்னேரம் அடுத்த நாள் படகை விசாரியுங்கள். ஓடுமென்றால் நெடுந்தீவு, அதற்கடுத்த நாள் நயினாதீவு. அதனால்தான் ஸ்கூட்டிக்காரரிடம் நாளைக் குறித்து முற்பணம் கொடுக்காமல், "எந்த நாள் என்று பிறகு அழைத்துச் சொல்றம், அண்ணை" என்று பேசி வைக்கச் சொல்கிறேன்.